கல்லச்சில் மலர்ந்த கலைமகள்

நம் இல்லங்களில் காணும் கலைமகள், திருமகள் படங்கள் பலவற்றுக்கு மூலவடிவம் தந்தவர் இராஜா இரவிவர்மா. 1848-இல் கிளிமானூரில் பிறந்த அவர், பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். அங்கிருந்த மதுரை ஓவியர் இராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்பிக்க மறுத்தார். பிறர் தீட்டுவதைப் பார்த்தும், பிழைத்தும், திருத்தியும் இரவிவர்மா அதனைக் கற்றார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றார்.

அவர்தம் ஓவியங்களை அரசர்கள் விரும்பி வாங்கினர். அவை அரண்மனைச் சுவர்களிலேயே தங்கின. அவற்றை அச்சிட்டுப் பரப்புமாறு முன்னாள் திவான் மாதவராவ் அறிவுறுத்தினார். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் இரஃபேலின் படைப்புகளை ரைமாண்டி செப்புத்தகட்டில் பொறித்து அச்சிட்டுப் பரப்பினார் அல்லவா? அத்தகைய முயற்சியே இதுவும். 1894-இல் மும்பையில் கல்லச்சுக்கூடம் எழுந்தது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிக்கல் உண்டு. ஒரே தாள் பலமுறை அச்சேற வேண்டும். ஒருமுறை மயிரிழை விலகினாலும் கலைமகளின் விழியும் மையும் பிரிந்துவிடும்.

கோயில் வாயிலிலேயே பலர் தடுக்கப்பட்ட காலம் அது. அவர்கள் வீட்டுச் சுவருக்கும் தெய்வம் வர இப்படங்கள் வழிசெய்தன. கலை மலிந்ததெனக் குறை கூறினோர் உண்டு. அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும், அச்சகம் கடனில் ஆழ்ந்தது. செருமானியத் தொழில்நுட்பர் ஷ்லைஷரிடம் அதனை விற்க நேர்ந்தது. பல ஓவியங்களின் அச்சுரிமையும் உடன்சென்றது. 1906-இல் இரவிவர்மா மறைந்தார். அச்சகமோ தொடர்ந்து இயங்கியது. அதன் அரிய பழம்படிகள் சில, பட்டுத்துணியும் சரிகையும் ஒட்டப்பெற்றுச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் உள்ளன.