தீரன் சின்னமலை

பவானியாற்றுக்கும் அமராவதியாற்றுக்கும் இடையே விரிந்து கிடப்பது கொங்கு நாட்டின் நடுப்பகுதி. குன்னத்தூர், ஊத்துக்குளி, சென்னிமலை, காங்கேயம், அறச்சலூர் முதலிய ஊர்கள் அதன்கண் உள்ளன. இன்று தறியோசையும் பின்னலாடைத் தொழிலும் அப்பகுதிக்குப் புகழ் சேர்க்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரோ, அங்குக் குதிரைகளின் குளம்பொலி கேட்டது. வாணிகம் செய்ய வந்து ஆட்சியைக் கைப்பற்றிய ஆங்கிலக் கும்பினியாரை அந்நிலத்து மக்கள் எதிர்த்துப் போரிட்டனர். அவர்களைத் திரட்டி முன்னின்றவர் தீரன் சின்னமலை ஆவார்.

இவர் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இரத்தினசாமி, தாயார் பெரியாத்தா. பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. வேளாண்மையிற் சிறந்த குடியிற் பிறந்த இவர், இளமையிலேயே குதிரையேற்றம், வாட்போர், வேலெறிதல், சிலம்பம் ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்தார். தாம் கற்றவற்றைத் தம் தோழர்களுக்கும் கற்பித்தார். பின்னாளில் இவர் திரட்டிய படைக்கு அத்தோழர் கூட்டமே வித்தாயிற்று.

அக்காலத்தில் கொங்கு நாடு மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. குடிமக்கள் செலுத்திய வரிப்பணம் ஆண்டுதோறும் மைசூருக்குச் சென்றது. ஒருநாள் அவ்வாறு சென்ற பணத்தைத் தீர்த்தகிரி வழிமறித்துக் கைப்பற்றி, ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. பறித்தவர் யார் என்று அதிகாரிகள் வினவியபோது, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவேயுள்ள சின்னமலை என்று தம்மைக் குறிப்பிட்டாராம். அன்றுமுதல் அப்பெயரே நிலைத்தது என்பர்.

மைசூராரை இவ்வாறு எதிர்த்தவர், பின்னர் மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்கே துணையாக வாளேந்தினார். இஃது எவ்வாறு நேர்ந்தது? 1792ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, சேலம் பகுதி கும்பினியார் வசமாயிற்று. காவிரியின் வடகரையில் அவர்களது ஆட்சியும் தென்கரையில் திப்புவின் ஆட்சியும் நிலவின. வடகரையிலுள்ள சங்ககிரிக் கோட்டையில் கும்பினியாரின் கொடி பறந்தது. ஆற்றுக்கு அப்பால் நின்ற அவ்வல்லரசு ஒருநாள் இக்கரைக்கும் வரும் என்பதைச் சின்னமலை உணர்ந்தார். வரி பற்றிய பழைய பூசலினும் நாட்டின் உரிமை பெரிது என்று தெளிந்தார். ஆகவே, கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு திப்புவுக்குத் துணைநின்றார். மழவல்லிப் போரிலும் சீரங்கப்பட்டண முற்றுகையிலும் கொங்குப் படையினர் பங்கு கொண்டனர் என்பர்.

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் போர்க்களத்தில் வீழ்ந்தார். கோயம்புத்தூர்ப் பகுதியும் கும்பினியார் கைப்பட்டது. பெருமன்னர் வீழ்ந்தபின் சிறுதலைவர் பணிவதே உலகியல்பு. சின்னமலையோ பணிந்திலர். அறச்சலூருக்கு அருகே ஓடாநிலை என்னுமிடத்தில் கோட்டை ஒன்று கட்டினார். படைக்கலங்களைச் சேர்த்தார், வீரர்களைப் பயிற்றினார்.

தனித்து நின்று பெரும்படையை வெல்லுதல் அரிது என்பதை அவர் அறிவார். விருப்பாட்சிக் கோபால நாயக்கர் முதலிய பாளையக்காரர்களோடு உறவு பூண்டார். மைசூர்ச் சிறையினின்று விடுபட்ட துந்தாசி வாக்கு என்பவர் வடக்கே ஆயிரக்கணக்கான குதிரை வீரர்களைத் திரட்டி வந்தார். இவர்கள் கூடிக் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டனர். 1800ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் நிகழ்ந்த அத்தாக்குதல் வெற்றி பெறவில்லை. கிளர்ச்சியாளர் பலர் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் துந்தாசி வாக்கும் குதிரைப்படைப் போரில் மாண்டார். அவரை வென்ற வெல்லெசுலி என்னும் படைத்தலைவரே, பின்னர் 1815ஆம் ஆண்டில் வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்றவர்.

தெற்கே கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டிலும், மருது சகோதரர் 1801ஆம் ஆண்டிலும் தூக்கிலிடப்பட்டனர். துணைவர் ஒவ்வொருவராக மறைந்த பின்னரும் சின்னமலை சோர்ந்திலர். 1801ஆம் ஆண்டில் காவிரிக்கரையிலும், 1802ஆம் ஆண்டில் ஓடாநிலையிலும், 1804ஆம் ஆண்டில் அறச்சலூரிலும் கும்பினிப் படையோடு பொருது வெற்றி கண்டார் என்று கொங்கு மக்கள் இன்றும் பெருமையுடன் கூறுவர்.

அவர் படையில் குல வேறுபாடு இல்லை. கருப்பசேர்வை அவருக்கு வலக்கையாக விளங்கினார். பொல்லான் என்னும் வீரர் பகைவரிடையே ஒற்றராக இருந்து, செருப்பினுள் ஓலையை மறைத்துச் செய்தி அனுப்பினார் என்பர். அச்செயல் வெளிப்பட்டமையால் அவர் பகைவரால் கொல்லப்பட்டார். பல குடியினரும் ஒரு தலைவரின்கீழ் உயிர் கொடுக்க முன்வந்தனர் என்பதே சின்னமலையின் மெய்யான வலிமையாகும்.

இறுதியில் கும்பினியார் பீரங்கிகளோடு ஓடாநிலையை நோக்கிப் பெரும்படை அனுப்பினர். முன்னரே செய்தி அறிந்த சின்னமலை கோட்டையை விட்டு நீங்கினார். பகைவர் வெறுங்கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஓடாத நிலை என்று பொருள்படும் ஊரை விட்டு அவர் சென்றது ஓட்டமாகுமோ? ஆகாது. கோட்டையைக் காத்து வீரர்களை இழப்பதினும், வீரர்களைக் காத்துக் கோட்டையை இழப்பது மேல் என அவர் கருதினார். பழனியை அடுத்த மலைப்பகுதியிலுள்ள கருமலையில் தங்கி, மீண்டும் போரிடக் காலம் பார்த்திருந்தார்.

பீரங்கியால் பிடிக்க இயலாதவரைப் பணம் பிடித்துக் கொடுத்தது. அவருக்கு உணவு சமைத்தவன் கைக்கூலி பெற்றுக் காட்டிக் கொடுத்தான் என்பர். சின்னமலையும் தம்பிமாரும் கருப்பசேர்வையும் சிறைப்பட்டுச் சங்ககிரிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கும்பினியாட்சியை ஏற்றுக்கொண்டால் உயிர்பிழைக்கலாம் என்று அவர்களுக்குக் கூறப்பட்டதாகவும், அதனை அவர்கள் மறுத்ததாகவும் சொல்லுவர். 1805ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். எந்தக் கோட்டையிலிருந்து ஆபத்து வரும் என்று சின்னமலை முன்னரே உணர்ந்தாரோ, அந்தக் கோட்டையிலேயே அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து ஓராண்டு நிறையுமுன், 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைவரைத் தூக்கிலிட்டவர்களால் விடுதலை வேட்கையைத் தூக்கிலிட இயலவில்லை. 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு சின்னமலைக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. இடிந்த கோட்டை இருந்த ஓடாநிலையில் அவருக்கு மணிமண்டபம் எழுந்துள்ளது. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டாம் நாளன்று, காவிரியில் புதுப்புனல் பெருகும் காலத்தில், மக்கள் அங்குத் திரண்டு அவரைப் போற்றுகின்றனர். தம் பகையினும் நாட்டின் உரிமையைப் பெரிதெனக் கருதிய தலைவரை நாடு மறவாது.