திரிசிரபுரம் மகாவித்துவான்

சென்ற நூற்றாண்டுகளிற் செந்தமிழ்க் கல்வி மடங்களையும் தனிப்புலவர் சிலரையுமே பற்றுக்கோடாகக் கொண்டிருந்தது. ஏடு வைத்திருப்போர் ஏட்டை மறைப்பர்; பொருள் தெரிந்தோர் பொருளை மறைப்பர். அக்காலத்தே 1815-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிச் சீமையில் தோன்றியவர் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

தந்தையாராகிய சிதம்பரம் பிள்ளையிடமே முதற்கல்வி பெற்ற அவர், தந்தையார் இளமையிலேயே பிரிந்தமையின் வறுமையுற்றுத் திருச்சிராப்பள்ளி நகரையடைந்து, ஒரு நூலறிந்தார் எவராயினும் அவரையே ஆசிரியராகக் கொண்டு பயின்றார். அங்கே பிச்சையேற்றுத் திரிந்த பரதேசியொருவர் தண்டியலங்காரத்தில் வல்லவர், தருக்குடையவர், கஞ்சாப் பழக்கமும் உடையவர். எளிதிற் பாடஞ் சொல்லார். பிள்ளையவர்களோ அவர் பிச்சைக்குச் செல்லும் தெருக்கள்தோறும் பின்சென்று, வேண்டுவன தேடிக்கொடுத்து, அவர் மனம் இளகியபோதெல்லாம் கேட்டுக் கேட்டு அந்நூலை முற்றக் கற்றனர். அப்பரதேசியின் ஒழுகலாற்றை அவர் விரும்பினாரல்லர். அவரிடமிருந்த அறிவை மதித்தனர். இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் கற்றார்க்கும் அரிது.

இவ்வாறு அரிதின் ஈட்டிய கல்வியைத் தாம் வழங்குங்கால் அவர் விலை யாதும் கொண்டிலர். மாயூரத்தில் அவரில்லம் மாணாக்கர் உண்ணுமிடமும் உறையுமிடமுமாயிருந்தது. அதனாற் கடனும் வளர்ந்தது. திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவானாய் விளங்கிய இத்தூய சைவரிடம், சைவராகிய தியாகராச செட்டியாரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும் பாடங் கேட்டனர். மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை என்னும் கிறிஸ்தவ நண்பர்மீது குளத்தூர்க்கோவை பாடினார். தமது சமய நெறியில் அணுவளவும் நெகிழாதவரே இவ்வாறு பிறரோடு கலந்து பழகினர் என்பது கருதற்பாலது.

இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலிய பிரபந்தங்களும் அவர் இயற்றினர். அவர் வாயாற் சொல்லிவர, உடனிருப்போர் ஏட்டில் எழுதுவர். எழுதுவார் கை ஓயுமேயன்றிப் பாட்டு ஓயாது. நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் மிக விரிந்தன என்று அப்புராணங்களைக் குறைகூறுவாரும் உளர். அவர்கள் சேக்கிழார் பிள்ளைத்தமிழை ஒருமுறை முற்றும் ஓதிப் பார்ப்பாராக.

1871-இல் வந்து சேர்ந்த உ. வே. சாமிநாதையர் இறுதிவரை உடனிருந்தனர். நோய் முதிர்ந்து பிள்ளையவர்கள் திருவாவடுதுறையிற் படுக்கையுற்றிருந்தனர். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியில், தாமே எழுந்திருக்கவியலாத அவரைச் சவேரிநாத பிள்ளை தம்மேற் சார்த்தித் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதினர். கிறிஸ்தவ மாணாக்கர் தாங்கவும் அந்தண மாணாக்கர் ஓதவும் அச்சைவப் பெரியார் சிவபதமடைந்தனர்.

ஆசிரியரை இழந்து நின்ற சாமிநாதையரை அப்பொழுது ஆதீனத் தலைவராயிருந்த ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகர் மடத்திலேயே இருத்திக்கொண்டு, தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினர்.