குண்டு எழுத்துக்காரர் கூப்பர்

லேப்டாப்ல வேர்டைத் திறந்து எழுத்துரு பட்டியலில் கொஞ்சம் கீழே போனா 'கூப்பர் பிளாக்'னு ஒண்ணு கிடைக்கும். பன்னு மாதிரி உப்பின எழுத்து. சிம்போசியம் போஸ்டர் செஞ்சவங்க நிச்சயம் ஒரு தடவையாவது அதை க்ளிக் பண்ணியிருப்பீங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்தார்: ஆஸ்வால்ட் கூப்பர்.

பிறந்தது 1879இல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். வளர்ந்தது கான்சாஸ். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுட்டு அச்சகத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். ஆசை என்னவோ ஓவியர் ஆகணும்னுதான். அதுக்காகவே சிகாகோ போய் ஃபிராங்க் ஹோம் நடத்திய ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சுது, படம் வரைய அவருக்குக் கை வரலை. (கேட்ட பிரிவு கிடைக்காம வேற பிரிவில் உட்கார்ந்திருக்கிறவங்க இங்கே கொஞ்சம் கவனிங்க.) அதே பள்ளியில் ஃபிரெடெரிக் கௌடி எழுத்துக்கலை சொல்லிக்கொடுத்தார். கூப்பருக்கு அது ஒட்டிக்கிச்சு. பிறகு அங்கேயே அதைச் சொல்லிக்கொடுக்கவும் செஞ்சார்.

1904இல் ஃபிரெட் பெர்ட்ஷுடன் சேர்ந்து விளம்பரக் கம்பெனி தொடங்கினார். நம்ம ஊர் பெயின்டர் அண்ணன்மார் சுவரில் எழுதுற மாதிரி, விளம்பர எழுத்தையெல்லாம் கையாலேயே எழுதினார். அந்தக் கை பழக்கத்தைத்தான் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பு நிறுவனம் ஈய அச்சாக்கியது. 1922இல் கூப்பர் பிளாக் வந்தது.

அதைப் பெரிசாக்கிப் பாருங்க. செரிஃப்னு சொல்ற நுனிக் கால்கள் கூர்மையா இல்லை, உருண்டிருக்கும். அடிப்பகுதி தட்டையா இல்லாம வளைஞ்சு, கோட்டுக்குக் கீழே லேசா இறங்கும். ஆங்கில 'ஓ'வின் உள் ஓட்டை பின்னால சாய்ஞ்சு கிடக்கும். இவ்வளவு கனமான எழுத்து மிரட்டாம சிரிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

பழமைவாத அச்சுக்காரங்க முகம் சுளிச்சாங்க. விளம்பரக்காரங்க வாங்கிக் குவிச்சாங்க. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால போட்டி நிறுவனங்கள் தங்கள் பங்குக்குக் குண்டு எழுத்துகளை இறக்கின. வேடிக்கை என்னன்னா, அதில் ஒண்ணான கௌடி ஹெவிஃபேஸை வரைஞ்சது பழைய வாத்தியாரேதான்.

கூப்பர் 1940இல் இறந்துட்டார். எழுத்துக்கு இன்னொரு வாழ்க்கை அதுக்கப்புறம்தான் வந்தது. 1966இல் பீச் பாய்ஸின் பெட் சவுண்ட்ஸ் இசைத்தட்டு உறையில் ஏறிச்சு. எழுபதுகளில், தேய்ச்சு ஒட்டுற லெட்ராசெட் தாள்கள் மூலமா கடை பலகை, டீ ஷர்ட்னு பரவிச்சு. இன்னைக்கு அதை 'ரெட்ரோ'ங்கிறோம். ஈஸிஜெட் விமானத்தின் ஆரஞ்சுப் பெயரும் இதே எழுத்துதான். இதில் எதையும் அந்த மனுஷன் பார்க்கலை.

அடுத்த போஸ்டருக்கு இதை எடுத்தா தலைப்போட நிறுத்திக்கோங்க. கடைசித் தேதி, பதிவுக் கட்டணமெல்லாம் இதில் சின்னதா போட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தீங்கன்னா, உள் ஓட்டையெல்லாம் அடைஞ்சு வெறும் கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும்.