கரையைத் தொட்டுத் திரும்பியவர்

கடற்சாகச நாவல்களை இளமையில் நான் விடாது படித்ததுண்டு. எங்கோ தூரதேசத்துக் கடலிலே, மலைபோல் எழும் அலைகளோடு பொருதி மடியும் வெள்ளைக்கார வீரர்களின் கதைகள் அவை. வடமராட்சியிலே, கடலோசை கேட்கும் வீட்டிலே இருந்துகொண்டு அந்நியக் கடல்களைக் கனவு கண்டேன். அக்கதைகள் யாவற்றையும் விஞ்சும் ஒரு வாழ்வு எம் கரையிலேயே உருவானது என்பதை உணரக் காலம் பிடித்தது. ஆழிக்குமரன் என்று தமிழுலகம் போற்றிய வி. எஸ். குமார் ஆனந்தனின் வாழ்வே அது.

1943 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் நாள் பிறந்த ஆனந்தன், வல்வெட்டித்துறையின் மைந்தர். அவ்வூரிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்கக் கரையை அடைந்த வரலாற்றை அங்குள்ள முதியோர் இன்றும் பெருமையுடன் சொல்வர். 1954 இல் நவரத்தினசாமி என்பார் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கோடிக்கரையில் ஏறினார். அப்போது ஆனந்தன் சிறுவர். அச்செய்தி அவர் உள்ளத்திலே ஒரு விதையாக விழாமல் இருந்திருக்குமா?

கப்பலோடிய என் அம்மான் ஒருவர் எனக்கு ஒரு விதியைச் சொல்லித் தந்திருந்தார். கடலுக்குப் போகிறவன் தன் பலத்தில் பாதியைத் திரும்பி வருவதற்கென ஒதுக்கி வைக்கவேண்டும் என்பதே அவ்விதி. ஆனந்தனின் வாழ்வை நினைக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஆழங்குறைந்த கடல்தான், ஆயினும் மணல்திட்டுகளுக்கிடையே நீரோட்டம் திசைமாறிப் பாயும். நேராக நீந்துகிறவனைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். 1966 இல் வங்காளத்து மிகிர் சென் இப்பாதையை ஒருவழியாகக் கடந்தார். அதற்கே அவருக்கு 25 மணித்தியாலங்களுக்கு மேலாயின.

1971 இல் ஆனந்தன் அவ்வழியே சென்றார். 1964 டிசெம்பர்ப் புயலிலே அழிந்துபட்ட தனுஷ்கோடியின் கரையைத் தொட்டார். அங்கே நின்றிருந்தாலே புகழ் கிடைத்திருக்கும். அவரோ முகத்தைத் திருப்பி மீண்டும் தலைமன்னாரை நோக்கி நீந்தலானார். போகவும் வரவுமாக 51 மணித்தியாலங்கள்! இரண்டு பகலும் இரண்டு இரவும் கடந்தபின்னும் அவர் நீரிலேதான் இருந்தார்.

தொழிலால் அவர் சட்டத்தரணி. நெஞ்சமோ எல்லை காணும் வேட்கையில் நிலைத்திருந்தது. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலங்களுக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். ஒற்றைக்காலில் 33 மணித்தியாலம் நின்றார். சென்னை அண்ணா நீச்சற்குளத்திலே 80 மணித்தியாலம் நீரில் மிதந்து நின்றார். கின்னஸ் நூல் இச்சாதனைகளைப் பதிவு செய்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்நாளில் இவற்றை வீண்வேடிக்கை என்றே நான் எண்ணினேன். சாவோடு விளையாடும் ஆணவம் என்று அம்மானிடம் வாதிட்டேன். அவர் ஒப்பவில்லை. சாவோடு விளையாடுகிறவன் 51 மணித்தியாலம் பொறுமையாகக் கை போடமாட்டான், திரும்பி வருவதை முதலில் எண்ணியவனாலேயே அது முடியும் என்பது அவர் துணிபு.

பின்னர் ஆங்கிலக் கால்வாய் அவரை அழைத்தது. அதன் மிக ஒடுங்கிய பகுதி 33 கிலோமீற்றர். 1875 இல் கப்டன் வெப் முதன்முதலாக நீந்திய நாள்தொட்டு உலக நீச்சல்வீரர் அனைவரும் விரும்பும் களம் அது. தூரத்தைப் பார்த்தால், பாக்கு நீரிணையை இருமுறை கடந்தவருக்கு அது பெரிதன்று. ஆனால் கடல் என்ற பெயர் ஒன்றாயினும் கடல்கள் ஒன்றல்ல. எம் கடல்நீர் 28 பாகை செல்சியஸ் அளவில் இதமாயிருக்கும். கால்வாயோ ஆகஸ்ட் மாதத்திலும் 16, 17 பாகையைச் சுற்றியே நிற்கும். குளிர்ந்த நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாகப் பறிப்பது. உடல்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் கைகால் சோரும், சிந்தை மங்கும். திரும்பவேண்டும் என்ற நினைவே அப்போது தவறிவிடக்கூடும்.

1984 ஆகஸ்ட் 6 ஆம் நாள் அக்கால்வாயை நீந்த முயன்றபோது ஆனந்தன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. முந்திய ஆண்டின் ஆடிக் கலவரப் புண் ஆறாதிருந்த காலம் அது. சொந்தத் துயரங்களாலேயே கனத்திருந்த எம் கரைக்கு இந்தத் துயரும் வந்து சேர்ந்தது. செய்தியைக் கேட்ட அம்மான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிராயிருக்கும் என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வாதிட்ட வார்த்தைகளை எண்ணி நாணினேன்.

இன்று நான் வல்வெட்டித்துறைக் கரையில் நிற்கும்போது அவர் மடிந்த கால்வாய் என் மனக்கண்ணில் எழுவதில்லை. பாழடைந்த தனுஷ்கோடியின் மணலைத் தொட்டு, களைத்த உடலோடு, ஈழக்கரையை நோக்கி மீண்டும் நீருக்குள் இறங்கிய அந்த இளைஞரே தோன்றுகிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டுக்கு மேலிராது.