துப்பறியும் மூதாட்டியைப் படைத்த அம்மையார்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில், ஆங்கிலத்தில் துப்பறியும் புதினங்கள் எழுதிய ஓர் அம்மையாரின் வரலாறு இடம்பெறுவதைக் கண்டு மூத்தோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இவ்வகைக் கதைகளை நம் மொழியில் பெருக்கிய காலந்தொட்டே, இவை பொழுதுபோக்கு நூல்கள், இலக்கியமாகா என்னும் தீர்ப்பு நம்மிடையே வழங்கி வருகின்றது. நாமும் மாணவப் பருவத்தில் அத்தீர்ப்புக்கு அஞ்சி, பாடநூலுக்கு அடியில் மறைத்துவைத்தே இவற்றைப் படித்தோம். இன்று மறைக்காமல் படிக்கின்றோம். அவற்றுள்ளும் நாம் மீண்டும் மீண்டும் நாடுவன, குருதி தெறிக்காத, கூக்குரல் எழாத, ஒரு சிற்றூரின் தேநீர் மேசையைச் சுற்றியே நடந்து முடியும் மர்மக் கதைகள். ஒரே துப்பறிவாளரை முன்னிறுத்தித் தொடர்ந்து எழுதப்படும் இவ்வகைப் புதினங்களுக்கு உலகெங்கும் இன்று வாசகர் உளர். இவ்வகையை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் அகதா கிறிஸ்டி அம்மையார். இத்தகைய கதைகள் உலகின் தீமையை அறியாதவர் எழுதும் விளையாட்டு என்னும் கருத்து எத்துணைப் பிழையானது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் டெவன் மாவட்டத்தைச் சேர்ந்த டார்க்கீ என்னும் ஊரில், 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அகதா பிறந்தார். தந்தை ஃபிரெடரிக் மில்லர் அமெரிக்கர், தாயார் கிளாரா. உடன்பிறந்தோர் தமக்கை ஒருவரும் தமையன் ஒருவரும். எட்டு வயதுக்கு முன்னர் குழந்தைகள் படிக்கக் கற்கலாகாது என்பது தாயாரின் கொள்கை. கடைக்குட்டியோ ஐந்து வயதிலேயே தாமாகப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். முறையான பள்ளிக் கல்வி அவருக்குச் சிறிதளவே வாய்த்தது. பதினொரு வயதில் தந்தையை இழந்தார்; குடும்பத்தின் செல்வமும் கரைந்தது. பாரிசில் இசை பயின்றும், அவை முன் தோன்றும் கூச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. இக்கூச்சம் இறுதிவரை அவருடன் இருந்தது.

முதல் உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டின் டிசம்பர் 24ஆம் நாள், வான்படை வீரரான ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டியை மணந்தார். கணவர் போர்முனைக்குச் சென்றார்; இவர் ஊரிலிருந்த செஞ்சிலுவை மருத்துவமனையில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தார். பின்னர் அங்குள்ள மருந்தகத்திற்கு மாற்றப்பட்டு, மருந்து கலக்கும் தொழிலைக் கற்றுத் தேர்வும் எழுதித் தேறினார். நஞ்சுகளைப் பற்றி அவர் எழுதியவை மருந்தியல் அறிந்தோரும் குறைகூறாவண்ணம் அமைந்தமைக்கு இப்பயிற்சியே காரணம்.

அப்பயிற்சிக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றைத் தம் தன்வரலாற்றில் அவர் பதிந்துள்ளார். அவருக்குக் கற்பித்த மருந்தாளர் ஊரில் நன்மதிப்புப் பெற்றவர். ஒருநாள் அவர் குளிகைகள் செய்துகொண்டிருந்தபோது தசமப் புள்ளியை இடம் மாற்றிக் கணக்கிட்டுவிட்டதை மாணவியான அகதா கண்டார். மருந்தின் அளவு பத்து மடங்காகியிருந்தது. ஆசிரியரிடம் பிழையைச் சுட்டிக்காட்டும் துணிவு அவருக்கு இல்லை. சுட்டினும் அவர் ஏற்கமாட்டார் என்றும் அறிந்திருந்தார். ஆகவே கால் இடறியவர்போலத் தட்டைக் கவிழ்த்து, குளிகைகளை மிதித்து நசுக்கிவிட்டு, தம் கவனக்குறைவுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அதே மருந்தாளர் குராரே என்னும் கொடிய நஞ்சின் துண்டொன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அது தமக்கு ஆற்றல் உள்ளதாக உணரச் செய்கிறது என்று அவரே கூறினாராம். இனிய முகமும் இன்சொல்லும் உடைய ஒருவரின் பைக்குள் நஞ்சு இருக்கக்கூடும் என்னும் பாடத்தை அகதா மறக்கவே இல்லை. இந்த மருந்தாளரிடம் நாம் பின்னரும் வர வேண்டியிருக்கும்.

துப்பறியும் கதையொன்றை உன்னால் எழுத முடியாது என்று தமக்கை சீண்டியதன் விளைவே முதற் புதினம். பெல்ஜிய நாட்டு அகதிகள் அப்போது டார்க்கீயில் தங்கியிருந்தனர். அவர்களைக் கண்டே எர்க்யூல் புவாரோ என்னும் பெல்ஜியத் துப்பறிவாளரைப் படைத்தார். 1916இல் எழுதிய அந்நூலைப் பதிப்பகங்கள் பல திருப்பியனுப்பின. 1920இல்தான் அது அச்சேறியது. பிற்காலத்தில் உலகிலேயே மிகுதியாக விற்பனையான புதின ஆசிரியர் எனப் பெயர் பெற்றவருக்கு அதனால் கிடைத்த வருவாய் 25 பவுன் மட்டுமே. புவாரோ உலகப் புகழ் பெற்றார். அம்மையாருக்கோ அவர்மேல் நாளடைவில் சலிப்பே மிஞ்சியது. நமக்கும் புவாரோவின் தற்பெருமை அவ்வளவாக உவப்பதில்லை.

1926ஆம் ஆண்டு அவர் வாழ்வை இரண்டாகப் பிளந்தது. ஏப்ரலில் தாயார் மறைந்தார். பிறந்த வீட்டைத் துப்புரவு செய்து, பழம் பொருள்களைத் தனியே ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்த மகளுக்கு உறக்கமும் உணவும் குறைந்தன. ஆறுதல் கூற வேண்டிய கணவர், வேறொரு பெண்ணை மணக்க விரும்புவதாகவும் மணவிலக்கு வேண்டும் என்றும் கூறினார். டிசம்பர் 3ஆம் நாள் இரவு, ஏழு வயது மகளை வீட்டில் விட்டுவிட்டு அகதா காரில் புறப்பட்டார். மறுநாள் சரே மாவட்டத்தில் சாலையோரச் சரிவில் அந்தக் கார் கிடந்தது; உள்ளே மென்மயிர் மேலாடை இருந்தது, ஆளில்லை. காவலர்களும் பொதுமக்களுமாக ஆயிரக்கணக்கானோர் வயலிலும் குளத்திலும் தேடினர். ஆர்தர் கோனன் டாயில்கூட அவருடைய கையுறையை ஆவியுலகத் தொடர்புடையவர் எனப்பட்ட ஒருவரிடம் கொடுத்துக் கேட்டார் என்பது, பகுத்தறிவுத் துப்பறிவாளரான ஷெர்லக் ஹோம்சைப் படைத்தவரைப் பற்றிய வியப்பான செய்தி.

பதினொரு நாள்களுக்குப் பின், டிசம்பர் 14ஆம் நாள், வடக்கே ஹாரகேட் நகரத்து விடுதியொன்றில் அவர் கண்டுபிடிக்கப்பட்டார். விடுதியின் இசைக்கலைஞர்களே அவரை அடையாளம் கண்டவர்கள். பதிவேட்டில் தம் கணவர் மணக்க விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயரையே தம் பெயராக எழுதியிருந்தார். நினைவிழப்பு என்றனர் மருத்துவர்கள்; விளம்பரத்துக்கான நாடகம் என்றன சில நாளேடுகள். அவர் எழுதிய நீண்ட தன்வரலாற்றில் இப்பதினொரு நாள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உலகோர் புதிர்களை எல்லாம் அவிழ்த்தவர் தம் புதிரை மட்டும் அவிழாமல் விட்டுச்சென்றார் என்று இதனைக் கதைபோலப் பேசுவோர் பலர். தாயை இழந்து, கணவராலும் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் துயரத்தைப் புதிர் என்று பெயரிட்டுச் சுவைப்பது நமக்கு உடன்பாடன்று. 1928இல் மணவிலக்கு நிறைவேறியது.

நாம் கருதத்தக்க செய்தி இதுவே: இந்நிகழ்ச்சிக்கு ஓராண்டு கழித்து, 1927 டிசம்பரில் வெளிவந்த சிறுகதை ஒன்றில்தான் மிஸ் ஜேன் மார்ப்பிள் முதன்முதலாகத் தோன்றுகிறார். செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரில் வாழும், மணமாகாத மூதாட்டி. கையில் பின்னல் ஊசியும் கம்பளி நூலும். அவருக்குப் பதவி இல்லை, துப்பாக்கி இல்லை, அலுவலகம் இல்லை. அவர் பேசும்போது பிறர் குறுக்கிடுவர். கிழவியின் உளறல் என்று காவல் அதிகாரிகள் புன்னகை புரிவர். ஆயினும் அவ்வறையிலுள்ள எவரையும் முற்றாக நம்பாதவர் அவர் ஒருவரே. மனிதரிடம் தீயதையே எதிர்பார், பெரும்பாலும் அதுவே மெய்யாகும் என்பது அவர் கொள்கை. இப்பண்பைத் தம் பாட்டியாரிடமிருந்து எடுத்ததாக அம்மையார் குறிப்பிடுகிறார். நம்பியவரால் வஞ்சிக்கப்பட்ட நாற்பதை எட்டாத பெண்ணொருத்தி, இனி எதற்கும் ஏமாறாத எழுபதை நெருங்கிய மூதாட்டியைப் படைத்தாள் என்றே நமக்குத் தோன்றுகிறது. அம்மூதாட்டியிடம் கசப்பு இல்லை. தோட்டத்தில் களை பிடுங்குவதுபோல் அமைதியாகக் குற்றத்தைப் பிடுங்கிவிட்டுத் தேநீர் ஊற்றுகிறார்.

மார்ப்பிளை முன்னிறுத்தி அம்மையார் எழுதியவை 12 புதினங்களும் 20 சிறுகதைகளும். 1930இல் வந்த ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ முதற் புதினம். துப்பறியும் முறை மிக எளிது. எதிரே நிற்கும் செல்வச் சீமானைக் காணும்போது, தம் ஊரில் என்றோ சில்லறையைத் திருடிய ஒரு பையனை மார்ப்பிள் நினைவுகூர்வார். மனித இயல்பு எங்கும் ஒன்றே. சிற்றூரில் அதனை அருகிலிருந்து பார்க்க இயலும் என்பது அவர் கணக்கு. தடயங்களும் அவ்வாறே அடுப்பங்கரையிலும் வரவேற்பறையிலும் கிடப்பவை: நகம் கடிக்கும் பழக்கம், மேசை விளக்கு, வேலைக்காரச் சிறுமி ஒருத்தி தயங்கிச் சொன்ன அரைவாக்கியம். வாசகர் கண்ணெதிரிலேயே அனைத்தும் வைக்கப்பட்டிருக்கும். மறைத்துவைத்து இறுதியில் எடுத்துக்காட்டும் பழக்கம் இவரிடம் அரிது.

இவற்றுள் ஒன்றை மட்டும் படிக்க விழையும் மாணவருக்கு 1950இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’ என்பதை நாம் பரிந்துரைப்போம். இன்ன வீட்டில் இன்ன நேரத்தில் கொலை நிகழும் என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் வருகிறது. ஏதோ விளையாட்டு என்றெண்ணி அண்டை வீட்டார் அழைப்பின்றியே வந்து கூடுகின்றனர். நகைச்சுவையான தொடக்கம்தான். ஆனால் அதன் உள்ளே போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் அச்சம் ஒன்று உறைகிறது. முன்னர் ஊருக்குப் புதிதாக வருபவர் தெரிந்தவரின் அறிமுகக் கடிதத்தோடு வந்தனர். போருக்குப் பின் வந்தவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைத்தான் ஊர் நம்ப வேண்டியிருக்கிறது. பங்கீட்டு அட்டையும் அடையாளச் சீட்டும் மனிதரை அறிவிக்குமா என்னும் வினாவை ஒரு பொழுதுபோக்குப் புதினம் எழுப்புகிறது. எஞ்சியவற்றுள் சில சோர்வானவை. முதுமையில் எழுதியவற்றில் பிடி தளர்ந்திருப்பதை மறைக்க வேண்டுவதில்லை.

மணவிலக்குப் பெற்ற ஆண்டிலேயே அம்மையார் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லப் பயணச்சீட்டு வாங்கியிருந்தார். விருந்தொன்றில் பாக்தாத் நகரைப் பற்றிக் கேள்வியுற்று, உடனே பயணத்தை மாற்றிக்கொண்டு, இஸ்தான்புல், டமாஸ்கஸ் வழியாகத் தனியே ஈராக் சென்றார். 1930இல் மீண்டும் சென்றபோது ஊர் என்னும் பழம்பதியின் அகழாய்வில் பணியாற்றிய மாக்ஸ் மல்லோவனைச் சந்தித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அவரையே மணந்தார். கணவர் ஏறத்தாழ பதினான்கு வயது இளையவர். யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றோடு நாம் அறிந்த நீனவாவில் மாக்ஸ் அகழ்ந்தார். பின்னர் சிரியாவில் சாகர் பசார், டெல் பிராக். 1949 முதல் மோசூலுக்கு அருகிலுள்ள நிம்ருத். உடன் சென்ற அம்மையார் ஒளிப்படம் எடுத்தார், பட்டியல் எழுதினார், மண்ணில் கிடைத்த தந்தச் சிற்பங்களை மெல்லிய பின்னல் ஊசியாலும் முகப்பூச்சுக் களிம்பாலும் துப்புரவு செய்தார். மார்ப்பிளின் ஊசி அசீரிய மன்னரின் அரண்மனை வரை சென்றதை எண்ணி நாம் மகிழ்ந்ததுண்டு. நிம்ருத்தில் அவர் எழுதுவதற்கெனக் கட்டப்பட்ட மண்கல் அறைக்குப் ‘பைத் அகதா’ என்று பெயர். பைத் என்பதன் பொருளை இம்மலரின் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தம் தன்வரலாற்றை 1950இல் அவர் தொடங்கியது அவ்வறையில்தான். அந்நிம்ருத்தின் அரண்மனை எச்சங்கள் 2015இல் தீவிரவாதிகளால் தகர்க்கப்பட்டன.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இத்தனை ஆண்டுகள் அரபு மண்ணில் வாழ்ந்தும், ஈராக்கிலும் எகிப்திலும் நிகழும் அவர் புதினங்களில் அம்மண்ணின் மக்கள் பெரும்பாலும் பின்னணித் திரையாகவே நிற்கின்றனர்; கொலையுண்பவரும் ஐயத்துக்குரியவரும் துப்பறிபவரும் பெரும்பாலும் மேலைநாட்டவரே. தொடக்ககால நூல்களில் யூதரைப் பற்றிய இழிந்த வருணனைகளும் உண்டு. 1939இல் வந்த புகழ்பெற்ற புதினம் ஒன்றின் தலைப்பிலேயே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தமையால் அமெரிக்காவில் மறு ஆண்டே தலைப்பை மாற்றினர். பிரிட்டனில் மாற்ற 1985 வரை ஆயிற்று. எல்லாரையும் ஐயுறும் மார்ப்பிளின் கண்கொண்டு அம்மையார் தம் வகுப்பாரின் தப்பெண்ணங்களையும் ஐயுற்றிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் மீண்டும் பணிபுரிந்தார். அக்காலத்திலேயே மார்ப்பிளின் புதினமொன்றை எழுதிப் பூட்டிவைத்தார். ‘ஸ்லீப்பிங் மர்டர்’ என்னும் அந்நூல் அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது. 1952 நவம்பரில் இலண்டனில் அரங்கேறிய ‘தி மவுஸ்டிராப்’ நாடகம், 2020இல் பெருந்தொற்று நிறுத்தும்வரை இடையறாது நடைபெற்று, மறு ஆண்டு மீண்டும் தொடங்கியது. 1971இல் அரசியாரின் ‘டேம்’ பட்டம் பெற்றார். 1976 ஜனவரி 12ஆம் நாள் தம் எண்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

இனி அந்த மருந்தாளரிடம் வருவோம். நாற்பதாண்டுகளுக்கு மேலாக நினைவிலிருந்த அவரைக் கொண்டு, 1961இல் ‘தி பேல் ஹார்ஸ்’ என்னும் புதினத்தை அம்மையார் எழுதினார். அதில் நஞ்சு தாலியம். தலைமுடி கொட்டுவது அதன் அடையாளம். 1977இல், அவர் மறைந்த மறு ஆண்டு, கத்தார் நாட்டிலிருந்து பத்தொன்பது மாதக் குழந்தையொன்று உணர்விழந்த நிலையில் இலண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. நோய் இன்னதென மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. அக்குழந்தையைக் கவனித்த செவிலியர் அப்போது படித்துக்கொண்டிருந்தது ‘தி பேல் ஹார்ஸ்’. குழந்தையின் முடி உதிர்வதைக் கண்ட அவர், இது தாலியமாக இருக்கலாம் என்று மருத்துவர்களிடம் கூறினார். சோதனையில் அதுவே உறுதியாயிற்று. பூச்சிகளையும் எலிகளையும் கொல்ல வீட்டில் வைத்திருந்த மருந்தைக் குழந்தை விழுங்கியிருந்தது. சிகிச்சை மாற்றப்பட்டது, குழந்தை தேறியது. அதனைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை எழுதிய மருத்துவர்கள், செவிலியருக்கும் மறைந்த அகதா கிறிஸ்டி அம்மையாருக்கும் அதன் இறுதியில் நன்றி தெரிவித்திருந்தனர்.