உருண்டைக்குச் சட்டை தைத்த கணிதர்

தையல் தெரிந்த பெண் இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. வளைவான உடம்புக்குத் தட்டையான துணியை எப்படி வெட்டுவது என்பதை அவர்கள் கை அறியும். அதே கேள்வியை 1878இல் பாரிஸில், அறிஞர்கள் கூடிய அவையில் எழுப்பியவர் ஊசி பிடித்தவர் அல்ல. ரஷ்யக் கணிதர் பஃப்னூத்தி செபிஷேவ்.

1821இல் கலுகா மாகாணத்தின் ஒகாடோவோ கிராமத்தில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்ட இராணுவ அதிகாரி. மகனுக்குச் சிறுவயதிலேயே ஒரு கால் குட்டை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடவும் முடியாது. படைக்குப் போகும் வழியும் அத்தோடு அடைபட்டது. தாயும் ஓர் உறவுக்காரப் பெண்ணும் வீட்டில் வைத்தே எழுத்தும் பிரெஞ்சும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ரஷ்யாவைப் பஞ்சம் தாக்கியது. பெற்றோர் மொஸ்கோவைவிட்டு வெளியேறினர். கையில் காசில்லாமலே அவர் அங்கே தங்கிப் படிப்பைத் தொடர்ந்தார்.

1847இல் பீட்டர்ஸ்பேர்க் போனவர் 1882 வரை அங்கே கற்பித்தார். பகா எண்கள், நிகழ்தகவு என்று அவர் பெயரைச் சொல்லும் தேற்றங்கள் பல. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். என்னை நிறுத்தியது அந்தத் துணி விடயம்தான்.

பூசணிக்காயைப் பத்திரிகைத் தாளால் சுற்றிப் பாருங்கள். எங்கோ மடியும், அல்லது கிழியும். நீட்டாமல் கிழிக்காமல் உருண்டையைத் தட்டையாக்க முடியாது என்பதை ஜெர்மனியின் காவுஸ் 1827இலேயே நிறுவிவிட்டார். ஆனால் துணி தாள் அல்ல. பாவு நூலும் ஊடு நூலும் குறுக்கே ஓடும் வலை அது. நூலின் வழியே இழுத்தால் அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் இளகிக் கொடுக்கும். சட்டையைக் குறுக்காக வெட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. செபிஷேவ் இதைக் கணக்காக்கினார். நூல் நீளாது, இரு நூல்களுக்கு இடையிலான கோணம் மட்டுமே மாறும். சின்னச் சதுரங்கள் சாய்சதுரமாகும், பக்க அளவு மாறாது. இந்த ஒரே நிபந்தனையை வைத்துக்கொண்டு உருண்டையின் மேல் வலையை விரித்து, அதன் விளிம்பு தட்டையான துணியில் எங்கே விழும் என்று கண்டார். உருண்டைக்கு வட்டத் துண்டுதான் வேண்டும் என்று நினைப்போம். அவர் கணக்கில் வந்ததோ மூலை மழுங்கிய சதுரம் போன்ற வடிவம். அப்படி வெட்டிய இரண்டே துண்டுகளைப் பொருத்திய பந்து ஒன்றை அவையில் காட்டினார்.

மனித உடம்பை உருண்டை என்று எடுத்துக்கொள்வோம் என அவர் தொடங்கியதும், கேட்க வந்திருந்த பாரிஸ் தையற்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் யாராவது எழுந்து போயிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த உரை முழுமையாக அச்சானது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே. இன்று கணினியில் வரைந்த வளைந்த உருவங்களின் மேல் காபன் நார்த் துணி எப்படிப் படியும், தட்டையில் அதை எப்படி வெட்டுவது என்று கணிக்கும் மென்பொருள்களில் 'செபிஷேவ் வலை' ஓர் அடிப்படை.

அதே 1878இல், அதே பாரிஸில், உலகக் கண்காட்சியில் அவருடைய இன்னொரு பொருளும் நின்றது: நான்கு கால்களால் நடக்கும் பொறி. சுழற்சியைக் கிட்டத்தட்ட நேர்கோட்டு அசைவாக மாற்றும் கம்பி இணைப்புகளில் பல ஆண்டுகள் மூழ்கியிருந்தார். நொண்டி நடந்த மனிதர் நடக்கும் பொறி செய்தது தற்செயலா என்று எனக்குத் தெரியவில்லை. ஊன்றுகோல்களையும் பொய்க்கால்களையும் தெருவில் தினமும் கண்டு வளர்ந்த எங்களுக்கு அப்படி நினைக்கத் தோன்றாது. 1893இல் சிக்காகோ கண்காட்சிக்குப் போன அவருடைய பொறிகளில் உருண்டு நகரும் நாற்காலி ஒன்றும் இருந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் பீட்டர்ஸ்பேர்க்கில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. உடல் பிறந்த ஊர்ப்பக்கம் கொண்டுபோய் அடக்கம் செய்யப்பட்டது. நடக்கும் பொறி மொஸ்கோவின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்திற்குப் போய்ச் சேர்ந்தது.