எஃப்.ஏ. தேர்வில் திரும்பத் திரும்ப ஃபெயில்... ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனது எப்படி?

கணக்கில் கெட்டி, மற்றதில் அவுட். வெளிநாட்டு மேற்படிப்புக்கு அப்ளை பண்ணும் பலரையும் பயமுறுத்தும் இந்த மாதிரி மார்க்‌ஷீட்தான் சீனிவாச ராமானுஜனுடையதும்.

1904-ல் ஸ்காலர்ஷிப்போடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், ஸ்காலர்ஷிப் போச்சு. அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. 1907-ல் மறுபடி எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. அது பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்புதான். ஆக, கையில் டிகிரியே கிடையாது.

மார்க் முக்கியமே இல்லை என்பதற்கு இவரை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அந்த மார்க்குக்கு அவர் கொடுத்த விலை பெரிசு: நிலையான வேலை இல்லாமல், டியூஷனும் நண்பர்கள் தயவுமாக சுமார் ஐந்து வருஷம். 1912-ல்தான் சென்னை போர்ட் டிரஸ்ட்டில் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை கிடைத்தது.

ஆனால் அதற்குள் அவர் பெயரில் ஒரு விஷயம் இருந்தது. 1911-லேயே இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய கட்டுரை வந்துவிட்டது. அலுவலகத்தில் மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்கு தெரிந்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னார்.

கேம்பிரிட்ஜின் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதிய கடிதங்களால் பலனில்லை. 1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்கு எழுதினார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத குமாஸ்தா என்பதை மறைக்கவில்லை. கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்களை இணைத்தார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். நிரூபணங்களை அனுப்பச் சொல்லி பதில் வந்தது.

அப்புறமும் ஒரு முட்டுக்கட்டை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். டிரினிட்டி கல்லூரியில் இருந்தவரும் வானிலைத் துறைத் தலைவருமான கில்பர்ட் வாக்கர் சிபாரிசு செய்ய, விதி தளர்ந்தது. 1913 மே முதல் மாசம் 75 ரூபாய். மூன்று மாசத்துக்கு ஒரு ஆய்வறிக்கை தர வேண்டும்.

கடல் கடக்க முதலில் மறுத்தவரை, சென்னை வந்த நெவில் சம்மதிக்க வைத்தார். பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1916-ல் ஆய்வுக்காக கேம்பிரிட்ஜ் தந்த பி.ஏ.தான் அவருடைய முதல் பட்டம். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே வருஷம் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ.

1919-ல் நோயோடு திரும்பினார். கடல் கடந்ததற்குப் பரிகாரமாக ராமேஸ்வரம் கூட்டிப்போக அம்மா கோமளத்தம்மாள் நினைத்திருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு வயது 32.